பதினேழாம் அடிக்குறிப்பு

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. உள்மனத் தூண்டல், மழைநாள் ஞாபகம் என்று நான் ஏதாவது அளந்தால் நீங்களும் நம்பிவிடுவீர்கள், ஆனால் நடந்தது அதுவல்ல. பேராசிரியர் வீரமணி (ஓய்வு) கூப்பிட்டார். முகில்வரைப் பண்பாட்டு அறக்கட்டளையின் தலைவர் அவர். செயலாளரும் அவர். பொருளாளர் அவருடைய மருமகன். நவீன இசைநாடகம், ஓபெரா பற்றிய சிறந்த ஆய்வுக்கு இந்த ஆண்டு முதல் அறக்கட்டளை ஒரு விருது கொடுக்கப்போகிறது. விருதுக்கு ஒரு விழா, விழாவுக்கு ஒரு மலர், மலருக்கு ஒரு கதை.

“பச்சமுத்து தம்பி, ரெண்டு பக்கம் போதும். நம்ம கல்வராயன் மலை வரணும். பனி வரணும். விருது வாங்குற பொண்ணப் பத்தி நாசூக்கா ரெண்டு வரி. அவ்ளோதான். அப்புறம், கதையில அடிக்குறிப்பு எதுவும் போட்டுடாதீங்க.”

“கதையில யாருங்க அய்யா அடிக்குறிப்பு போடுவாங்க?”

“போடாதீங்கன்னு சொல்றேன்.”

போனை வைத்துவிட்டார். அதுவரை அடிக்குறிப்பு என்ற நினைப்பே எனக்கு இல்லை. பனியைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதி, பொன்னாடைக்குக் கழுத்தை நீட்டிவிட்டு வந்திருப்பேன். அவர்தான் கெடுத்தார்.¹

(¹ பச்சமுத்து: அடியேன். பிறப்பு களமருதூர், இருப்பு கள்ளக்குறிச்சி. கூட்டுறவுச் சங்கத்தில் உரமூட்டைகளுக்கு நடுவே உத்தியோகம் பார்த்தவன். என் கதைகளைப் படித்தவர்கள் குறைவு, திட்டியவர்கள் அதிகம். இந்தக் கணக்கு எனக்கே புரிந்ததில்லை.)

2

தொடக்கங்கள். எழுதி அடித்தவற்றை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். மலரில் இடம் நிறைய இருக்கிறதாம், விளம்பரம் கிடைக்கவில்லையாம்.

தொடக்கம் ஒன்று: கல்வராயனில் வெள்ளிமலையின் மேல் பனி ஒரு வெண்பட்டுப் போல

(இங்கே நிறுத்தினேன். சமவெளியிலிருந்து பஸ் ஏறி மேலே போகும் ஒவ்வொரு எழுத்தாளனும் பனிக்கு ஒரு சேலை கட்டிவிட்டு இறங்கிவருகிறான். மேலே போனால் மரவள்ளிக்கிழங்கு லாரி வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். அதை எவனும் எழுதுவதில்லை.)

தொடக்கம் இரண்டு: ஓபெரா என்பது யாதெனில், மேலைநாட்டார் பேசவேண்டியதை எல்லாம் பாடித் தீர்க்கும்

(இது வீரமணி அய்யாவின் முன்னுரையில் அப்படியே இருக்கிறது. திருடியவன் யார் என்ற கேள்வி வரும். எங்கள் இருவருக்குமே வரும்.)

தொடக்கம் மூன்று: ஃபரீன் சுவிட்சை அணைத்தபோது

(இதை இங்கேயே சொல்லிவிட்டால் அப்புறம் கதையில் என்ன மிச்சம்? ஆனாலும் அடிக்க மனம் வரவில்லை. இருக்கட்டும்.)

நான்காவது தொடக்கம் கீழே. இதைத்தான் வைத்துக்கொண்டேன்.

3

சில ஆண்டுகளுக்கு முன்பு கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவை ஒட்டிய மைதானத்தில் ‘கோட்டைக்குள் கிணறு’ என்ற ஓபெரா அரங்கேறியது. இசையமைத்து இயக்கியவர் தமிழழகன். பிறந்தது தியாகதுருகம், வளர்ந்தது சென்னை, இசை படித்தது வெளிநாடு. நவீனத் தமிழின் முதல் முழுநீள ஓபெரா என்று நோட்டீஸில் இருந்தது. ‘முதல்’ என்று போட்டுக்கொள்ள நம் ஊரில் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

கதை இதுதான்: கோட்டைக்குள் ஒரு கிணறு, கிணற்றுக்குள் ஒரு பெண், அந்தப் பெண்ணுக்குள் ஒரு கேள்வி. கேள்வி என்ன என்பது கடைசிவரை வெளியே வராது.

தமிழழகனுக்கு ஒரு பிடிவாதம். மேடையில் விளக்கே கூடாது. பொழுது சாயும் வெளிச்சத்தில்தான் கிணற்றுப்பெண் எழுந்து வரவேண்டும். சூரியன் எத்தனை மணிக்கு விழுகிறது என்று ஒரு வாரம் மைதானத்தில் நின்று பார்த்தார். அதே சூரியனை வைத்து இந்த ஊரில் வேறு யாரெல்லாம் நேரம் பார்க்கிறார்கள் என்று மட்டும் அவர் விசாரிக்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கட்சிக் கூட்டமோ, கல்யாணமோ, கோயில் திருவிழாவோ, பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் மைக்கை நிறுத்திவிடுவார்கள். இதற்கு உத்தரவும் கிடையாது, போர்டும் கிடையாது. தலைவர் ‘எனவே தோழர்களே’ என்பதில் நின்று சோடா குடிப்பார். பாங்கு முடிந்ததும் ‘எனவே’ என்று விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வார். அந்த இடைவெளியில் கூட்டம் வேர்க்கடலை வாங்கும், பிள்ளைகளை ஒதுக்குப்புறம் கூட்டிப்போகும். குழந்தைகூட அழுகையைக் கொஞ்சம் ஒத்திவைக்கும் என்று சொல்வேன், ஆனால் அது பொய்.

அன்றைக்கும் அப்படித்தான். கிணற்றுப்பெண்ணாக நடித்த ஜெயசுதா எழுந்துவந்து பாட வாயைத் திறந்தார். பாங்கு கேட்டது. மைக் நின்றது. ஜெயசுதா தியாகதுருகத்துக்காரர், உள்ளூர்க் கச்சேரிகளில் பாடி வளர்ந்தவர். அட்டைக் கிணற்றின் விளிம்பில் உட்கார்ந்தார். கொண்டையை அவிழ்த்து முடிந்தார். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சென்னையிலிருந்து வந்த வயலின்காரர் மட்டும் கொஞ்சநேரம் இழுத்துக்கொண்டிருந்தார், யாரோ கையைக் காட்டியதும் அவரும் விட்டுவிட்டார்.

தமிழழகன் மேடைக்குப் பின்னாலிருந்து “எவன்டா ஆஃப் பண்ணது?” என்று ஓடிவந்தார். வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த காசியம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

“பாங்கு சொல்லிக்கினு இருக்காங்க இல்ல? கம்முனு நில்லு கண்ணு.”

அவர் நின்றார். பாங்கு முடிந்து மைக் உயிர்பெற்றது. ஜெயசுதா மைக்செட்டுப் பெட்டி இருந்த பக்கம் பார்த்து “முடிஞ்சிதா?” என்று கேட்டார். அது ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது. ஆனால் முடியவில்லை. கடைத்தெருவின் அந்தக் கோடியில் இன்னொரு பள்ளிவாசல் இருக்கிறது, அங்கே பாங்கு தொடங்கியது. மைக் மறுபடி நின்றது. அதுவும் முடிந்தபின் ஜெயசுதா எழுந்து, விட்ட இடத்திலிருந்து பாடினார். வெளிச்சம் போய்விட்டிருந்ததால் அதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

நான் முன்வரிசையில் இருந்தேன். கடலை நன்றாக வறுபட்டிருந்தது.

4

இனிமேல் நடந்ததுதான் ஆராய்ச்சி.

நிகழ்ச்சியைப் படம்பிடித்த கேமராவுக்கு ஒலி, மைக்செட்டிலிருந்து ஒரு வயர் வழியாகப் போனது. மைக் நின்றால் கேமராவுக்கும் காது போய்விடும். ஆகவே படத்தில் பாங்கு இல்லை, கடலை இல்லை, காசியம்மாள் இல்லை. ஒரு பெண் பாடப்போகிறாள், உலகமே ஊமையாகிறது. அவள் உட்கார்ந்து கூந்தலை முடிகிறாள். “முடிஞ்சிதா?” என்கிறாள். மறுபடி ஊமை.

படம் இணையத்தில் ஏறியது. வெளிநாட்டில் ஒரு பேராசிரியர் பார்த்துவிட்டு, இசைநாடக வரலாற்றில் இப்படியொரு மௌனத்தைக் கண்டதில்லை என்று கட்டுரை எழுதினார். அதைப் படித்துச் சென்னையில் ஒருவர் எழுதினார், அவரை மறுத்து மதுரையில் ஒருவர். ‘இரட்டை மௌனத்தின் அச்சாணி: முடிஞ்சிதா?’ என்று ஒரு கட்டுரை. ‘அவிழ்தலும் முடிதலும்: கிணற்றுப்பெண்ணின் கூந்தல் அரசியல்’ என்று ஒரு கருத்தரங்கு, மதியச் சாப்பாட்டோடு. நேரில் பார்த்தவர்கள் யாரும் ஆய்வு எழுதவில்லை. ஆய்வு எழுதியவர்கள் யாரும் நேரில் பார்க்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே காக்கையின் எடையைப் பற்றியே முனைவர் பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

தமிழழகனிடம் முதல் பேட்டியில் மௌனத்தைப் பற்றிக் கேட்டபோது “அது வந்து... ஆமாம்” என்றார். இரண்டாவதில் “அது தானாக அமைந்தது” என்றார். மூன்றாவதில் “அந்த மௌனத்துக்காகத்தான் மற்ற இசையையே எழுதினேன்” என்றார். பிறகு ஏசி அரங்கங்களில் நடந்த எல்லா நிகழ்ச்சியிலும் மௌனம் உண்டு, கொண்டை உண்டு, “முடிஞ்சிதா?”வும் உண்டு.

ஜெயசுதாவைத் தியாகதுருகத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன். கேட்டேன்.

“அத்த ஏன் சார் கேக்குறீங்க? அந்த ஒத்த வார்த்தைக்கு ஒரு வாரம் ஒத்திகை வச்சாரு. ‘நீ கேக்குற மாதிரி இருக்கு, காலம் கேக்குற மாதிரி இல்ல’ன்றாரு. நான் மொத நாளு மைக்கு பொட்டியப் பாத்துதான கேட்டேன்? காலத்துக்கு நான் எங்க போவேன்?”

5

இப்போது ஃபரீன். இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

முதலில் அவளைச் சாதுவாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அடுத்து நெருப்புக்கோழியாக

(நெருப்புக்கோழி மணலில் தலையைப் புதைக்கும் என்பார்கள். எனக்கு வேண்டியது நேர்மாறான பிராணி. அப்படி எதுவும் ஞாபகம் வரவில்லை.)

சரி, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். கடைத்தெருவில் ‘அக்பர் சவுண்ட் சர்வீஸ்’ வைத்திருக்கும் அக்பர் அலி பாயின் மகள். ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பதவியின் பெயரில் மட்டும் இருக்கிறது. ‘கோட்டைக்குள் கிணறு’ பற்றி நானூறு பக்கம் முனைவர் பட்ட ஆய்வு எழுதியிருக்கிறாள். நானும் படித்தேன். இந்த ஊரில் அதைக் கடைசிவரை படித்தவர்கள் அவளும் நானும்தான். நல்ல ஆய்வு. எவரும் எட்டிப்பார்க்காத பாட்டுகளை எடுத்துவைத்து, இந்த மெட்டு எங்கிருந்து வந்தது, இந்தத் தாளம் ஏன் இடறுகிறது என்று பொறுமையாகச் சொல்கிறாள். தமிழழகனுக்கே தன் பாட்டு இவ்வளவு நன்றாக இருப்பது அதைப் படித்துத்தான் தெரிந்திருக்கும், படித்திருந்தால்.

மௌனத்துக்கு வரும்போது மட்டும் அவள் எல்லா ஆய்வாளர்களோடும் வேறுபடுகிறாள். காரணம் எளிது. மைக்கை நிறுத்தியது அவள்தான்.

அன்றைக்கு அக்பர் பாய் பொழுது சாய்ந்ததும் தொழும் மக்ரிப் தொழுகைக்குப் போய்விட்டார். பெட்டிக்குப் பக்கத்தில் மகளை உட்காரவைத்திருந்தார். பாங்கு கேட்டது, அணைத்தாள். முடிந்தது, போட்டாள். இன்னொன்று கேட்டது, அணைத்தாள். உலகமே வியந்த மௌனம் அவளுடைய வலது கட்டைவிரல் செய்தது. ஆய்வின் முதல் அத்தியாயத்தில் அதை எழுதினாள். வழிகாட்டிப் பேராசிரியர் “முதல்லயே வேணாம்மா, மூணாவது அத்தியாயத்துல வை” என்றார். அப்புறம் “ஒரு பத்தி போதுமே” என்றார். கடைசியில் அது பக்கத்தின் காலடிக்குப் போய்ப் பதினேழாம் அடிக்குறிப்பு ஆனது. இப்போது விருதுக் குழு அதையும் எடுத்துவிடச் சொல்கிறது.²

(² எடுத்தால் விருது. விருதோடு புத்தகம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு வருடம் ஆய்வு. எடுக்காவிட்டால் எதுவும் இல்லை. இதற்குமேல் இந்தக் கதையில் சிக்கல் கிடையாது.)

அந்த இரண்டு வருடம் அவளுக்கு எதற்கு என்று கடையில் வைத்துக் கேட்டேன். பட்டம், பதவி என்று சொல்வாள் என நினைத்தேன்.

“நான் ஒரு ஓபெராவும் நேர்ல பாத்ததில்ல சார். எல்லாம் போன்லதான். அங்க மைக்கே கிடையாதாம். அவ்ளோ பெரிய அரங்கத்துல கடைசி வரிசை வரைக்கும் வெறும் தொண்டைதான் வருமாம். ஒருவாட்டி கடைசி வரிசையில உக்காந்து கேக்கணும்.”

ஸ்பீக்கருக்கு வயர் பற்றவைத்துக்கொண்டிருந்த அக்பர் பாய் தலையைத் தூக்கினார்.

“மைக்கே இல்லாமயா? அப்போ செட்டுக்காரன் அங்க இன்னா பண்ணுவான்?”

“பட்டினி கிடப்பான் அத்தா.”

மைக்செட்டுக்காரர் மகளுக்கு மைக் இல்லாத குரல்மேல் ஆசை. இதை நான் கற்பனை செய்திருந்தால் என்னை நானே மெச்சிக்கொண்டிருப்பேன். அன்று கடையை விட்டு இறங்கும்போது, இந்தப் பெண் போய் அந்தக் கடைசி வரிசையில் உட்காரவேண்டும் என்று மனதார விரும்பினேன். இன்னும் விரும்புகிறேன்.

6

விருதுக்குழு வீரமணி அய்யா வீட்டில் கூடியது. கதைக்குத் தகவல் வேண்டுமே என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நடுவர்கள் இருவர்: வீரமணி, தமிழழகன். தன் ஓபெராவைப் பற்றிய ஆய்வுக்குத் தானே நடுவராக இருக்கலாமா என்று தமிழழகன் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாராம், இருக்கலாம் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாராம்.

“நானூறு பக்கத்துல நாலு வரிம்மா,” என்றார் வீரமணி. “எடுத்தா யாருக்கு நஷ்டம்?”

“அந்த நாலு வரி இல்லன்னா, மௌனத்தப் பத்தி மத்தவங்க எழுதினதுக்கெல்லாம் நானும் தலையாட்டின மாதிரிங்க அய்யா.”

“ஆட்டினா என்னம்மா? தலைதானே?”

தமிழழகன் தொண்டையைச் செருமினார். “சில சமயம் கலைஞனுக்கே தெரியாம, அவனுக்குள்ள இருந்து ஒரு மௌனம்...”

“உங்களுக்குள்ள இருந்து வரலீங்க சார். ஆம்ப்ளிஃபையர்ல இருந்து வந்துது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிக்சர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த இடத்தில் தமிழழகன் கோபப்பட்டு எழுந்திருந்தால் கதை எனக்கு வசதியாகப் போயிருக்கும். அவரைக் கோமாளியாக்கி முடித்திருப்பேன். அந்த மனிதர் எழுந்திருக்கவில்லை.

“எனக்கு அது ஒண்ணுதாங்க இருக்குது,” என்றார், தணிந்த குரலில். “மத்த பாட்டு எதையும் யாரும் கேக்கல. டெல்லியில பாட்டு வரைக்கும் தூங்கினாங்க. மௌனம் வந்தவுடனே எழுந்து நின்னு கை தட்டினாங்க.”

ஃபரீன் அவரைக் கொஞ்சநேரம் பார்த்தாள். ஊர் முழுக்கத் தூங்கிய அந்தப் பாட்டுகளை முழித்திருந்து கேட்டவள் அவள் ஒருத்திதான். அது இருவருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

“சரிங்க. பதினேழ எடுத்துடறேன்,” என்றாள். “ஆனா விழாவுக்கு மைக்செட்டு எங்களுதா இருக்கணும். என் பேரக் கூப்புடுற வரைக்கும் பொட்டிகிட்ட நான்தான் இருப்பேன்.”

வீரமணிக்கு முகமெல்லாம் பல். “இதுக்குப் போயா? தாராளமா! அத்தாவ வாடகை பாத்துப் போடச் சொல்லு.”

விழா வெள்ளிமலையில் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. மலைமேல் இடைஞ்சல் இருக்காது என்பது வீரமணியின் காரணம். நேரம், பொழுது சாயும் வேளை. அது தமிழழகனின் காரணம். சூரியன் மேல் அவருக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை.

தெருவுக்கு வந்ததும் நான் ஃபரீனிடம் கேட்டேன், “இவ்ளோ சீக்கிரம் விட்டுட்டியேம்மா?”

“அடிக்குறிப்பத்தான் சார் குடுத்தேன். சுவிட்ச குடுக்கலியே.”

7

இங்கே கதை முடிந்திருக்கலாம். நல்ல வரி. நான் பேனாவை மூடியும் விட்டேன். அக்பர் பாய்தான் திறக்கவைத்தார்.

மறுநாள் கடையில் தந்தையும் மகளும் மலைக்கு எடுத்துப்போகும் சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் போட்ட திட்டம் அவருக்கு எட்டியிருந்தது. வீரமணி வாழ்த்துரை படிக்கும்போது பொழுது சாயும், பொழுது சாய்ந்தால் மைக் நிற்கும்.

“மேல பாங்கு கேக்காது, தெரியுமில்ல?” என்றார்.

“பாங்கு கேக்கலன்னா பொழுது சாயாதா அத்தா?”

அவர் வயரைச் சுற்றி முடித்துக் கீழே வைத்தார்.

“இந்தா பாரும்மா. இத்தினி வருஷமா நான் ஆஃப் பண்றது மரியாதைக்கு. நம்ம கேக்காமயே ஊருல எல்லாரும் அதுக்கு ஒத்துக்கினு இருக்காங்க. அத்த நீ உன் கோவத்துக்கு பண்ணாத. தொழுகை நேரத்த வச்சி யாரையும் பழி வாங்கக் கூடாது.”

ஃபரீன் ஒரு மைக்கை எடுத்துத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

“கோவமா மரியாதையான்னு எனக்கே தெரியல அத்தா. அன்னிக்கு நான் மரியாதைக்குத்தான ஆஃப் பண்ணேன்? அது எப்பிடி இன்னொருத்தருதாச்சு? நான் பண்ணேன்னு ஒரு இடத்துல இருக்கக் கூடாதா?”

“அல்லாவுக்குத் தெரியும்மா.”

“அவனுக்குத் தெரியும். மலர் படிக்கிறவங்களுக்குத் தெரியாதே.”

பாய் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. கிண்டலாக எழுதிக்கொண்டு போன கதை இந்த இடத்தில் என் காலை வாரிவிட்டது. அவர் சொல்வது சரி. அவள் சொல்வதும் சரி. இரண்டு சரிகளை வைத்துக்கொண்டு கதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது, இரண்டு முட்டாள்கள் கிடைத்தால் ஓட்டிவிடலாம்.

கிளம்பும்போது ஃபரீன் என்னிடம் சொன்னாள். “பதினேழு இப்போ எந்தப் பக்கத்துலயும் இல்ல சார். நீங்க கதைக்காரரு. எங்கனா வச்சிக்குங்க.”

8

முடிவுகள். எடுத்துக்கொள்ளுங்கள்.

அ) வீரமணி வாழ்த்துரை படிக்கிறார். ‘அந்த மகத்தான மௌனம்’ என்ற இடத்தில் பொழுது சாய்கிறது. ஃபரீன் சுவிட்சை அணைக்கிறாள். வீரமணியின் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. கூட்டம் இதுவும் கலைதான் என்று எழுந்து நின்று கை தட்டுகிறது.

(எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்பமுடியவில்லை. அக்பர் பாயின் முகத்தை நினைத்தால் எழுதவும் முடியவில்லை.)

ஆ) ஃபரீன் அணைக்கவில்லை. விருதை வாங்கிக்கொள்கிறாள். வெளிநாட்டில் ஒரு மாலை, கடைசி வரிசையில், மைக் இல்லாத ஒரு குரல் அவளை வந்து தொடுகிறது.

(இதுதான் நான் விரும்பும் முடிவு. ஆனால் அந்தக் கடைசி வரிசையில் ஒரு பெண் தன் வலது கையைத் தானே மறைத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதை எழுதாமல் தப்பிக்க முடியவில்லை.)

இ) தமிழழகன் எழுந்து மைக்கைப் பிடித்து, “அந்த மௌனம் என்னுடையது அல்ல, பாட்டுகள்தான் என்னுடையவை, தயவுசெய்து அவற்றைக் கேளுங்கள்” என்று

(நானும் மனிதன்தான், ஆசைப்பட்டுவிட்டேன்.)

9

வேறு வழி தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: முடிவு எனக்குத் தெரியாது. விழாவுக்கு முன்பே மலர் அச்சுக்குப் போகவேண்டும். நான் எழுதும்போது அது நடக்கவில்லை. நீங்கள் படிக்கும்போது நடக்கப்போகிறது.

ஏனென்றால் நீங்கள் இதை வெள்ளிமலை மண்டபத்தில் உட்கார்ந்துதான் படிக்கிறீர்கள். வாசலில் சந்தனம், கல்கண்டோடு மலரைக் கையில் திணித்திருப்பார்கள். வீரமணி அய்யா இதைப் படித்துவிடுவாரோ என்று பயப்படாதீர்கள். தன் படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்த்திருப்பார். அப்படியே படித்தாலும் கதைதானே என்று சொல்லிவிடலாம். கதை என்றால் யாரும் ஆதாரம் கேட்பதில்லை, ‘முதல்’ என்று போடுவதைப் போல.

மேடைக்கு இடப்பக்கம் பாருங்கள். ஒரு பெட்டி இருக்கும், பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண். அவளுக்குப் பின்னால் நிற்பவர் அவளுடைய அத்தா, கொஞ்சநேரத்தில் தொழுவதற்கு இடம் தேடி வெளியே போவார். ஜன்னல் வெளிச்சம் மங்கத் தொடங்கும்போது அவளுடைய வலது கையைப் பாருங்கள்.

மைக் நின்றால் தயவுசெய்து கை தட்டாதீர்கள். தட்டினால் அதற்கும் ஒரு விருது வைத்துவிடுவார்கள். நிற்காவிட்டால் அவள் தோற்றுவிட்டாள் என்று நினைக்காதீர்கள். தன் தந்தையின் ஒரு சொல்லுக்காகக் கையைக் கட்டிக்கொள்வதற்கும் தெம்பு வேண்டும். எது நடந்தாலும் அதுதான் இந்தக் கதையின் முடிவு, அதை நீங்கள்தான் எழுதிக்கொள்ளவேண்டும். கீழே கொஞ்சம் இடம் விடச் சொல்லியிருக்கிறேன். அச்சகத்தார் அங்கே நகைக்கடை விளம்பரம் போடாமல் இருக்கவேண்டும்.

அந்த இடத்துக்கும் கீழே, பக்கத்தின் காலடியில், என்னிடம் கொடுத்துவைத்த ஒரு பொருள் இருக்கிறது. மூன்று முதல் பதினாறு வரை எங்கே என்று கேட்காதீர்கள். எனக்கு இது ஒன்றுதான் தேவைப்பட்டது.¹⁷



(¹⁷ இந்த மௌனம் நாடகப் பிரதியில் இல்லை. அரங்கேற்றத்தன்று பாங்கு ஒலித்தபோது ஊர் வழக்கப்படி ஒலிபெருக்கி நிறுத்தப்பட்டது. இரண்டு பாங்குகளுக்கு இடையே கேட்கும் ‘முடிஞ்சிதா?’ என்பது நடிகை ஒலிபெருக்கி இயக்குபவரைப் பார்த்துக் கேட்டது. ஒலிபெருக்கியை இயக்கியவர் இந்த ஆய்வாளர்.)